கட்டட வேலை நடக்கும் இடத்தில் ரேடியோ: கரண்ட் விஷயத்தில் கவனிக்க வேண்டியதெல்லாம்

கட்டட வேலையில் கட்டிங் மெஷினை ஒருத்தர்தான் தொடுவார். ட்ரில் மெஷினும் வைப்ரேட்டரும் அப்படித்தான். பழகின கைக்குத்தான் போகும். ரேடியோ மட்டும் எல்லார் கைக்கும் போகும். கொத்தனார் சாந்துக் கையோடு சத்தத்தைக் கூட்டுவார். தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்த கையோடு சித்தாள் வந்து ஸ்டேஷனை மாற்றுவார். சாப்பாட்டு நேரத்தில் கையாள் வேலை பார்க்கும் நிமிந்தாள் அதைத் தூக்கி நிழலில் வைப்பார். இதுவும் ஒரு கரண்ட் சாமான் என்ற நினைப்பு யாருக்கும் வராது. இருபது வருஷமாகப் பாளையங்கோட்டையைச் சுற்றி வயரிங் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், வேலையிடத்து ரேடியோவில் ஆபத்து இந்த நினைப்பின்மையில்தான் இருக்கிறது.

சில வருஷங்களுக்கு முன்னால் பேட்டைப் பக்கம் ஒரு மாடி வீடு. தளம் போட்டு மூன்றாம் நாள், பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருந்தார்கள். ஓரத்தில் நின்ற சவுக்குக் கம்பில் ரேடியோவைக் கட்டுக்கம்பியால் தொங்கவிட்டிருந்தார்கள். இரும்புக் கைப்பிடி வைத்த ரேடியோ. வயர் காற்றில் ஆடக்கூடாது என்று அதே கட்டுக்கம்பியால் வயரையும் இரண்டு சுற்று சுற்றி, குறடால் இறுக முறுக்கியிருந்தார்கள். நாள் முழுக்க வயர் ஆட ஆட, முறுக்கின இடத்தில் கம்பி ரப்பரை அறுத்துச் செம்பு வரைக்கும் போய்விட்டது. கீழே இருந்தது காய்ந்த சவுக்கு என்பதால் எதுவும் ட்ரிப் ஆகவில்லை, பாட்டும் நிற்கவில்லை. வெறுங்காலோடு தண்ணீரில் நின்று ஒரு அக்கா கைப்பிடியைப் பிடித்து ரேடியோவைத் திருப்பப் போனார். தூக்கி எறிந்துவிட்டது. நல்ல வேளை, பிடித்து வைக்காமல் தள்ளிவிட்டது. கை மட்டும் இரண்டு நாள் மரத்துக் கிடந்தது.

"ரேடியோலயெல்லாம் கரண்டு அடிக்குமா அண்ணாச்சி?" என்று அன்றைக்கு அவர் கேட்டார். ரேடியோவைப் பிரித்துப் பார்த்தேன், உள்ளே ஒரு பழுதும் இல்லை. வயரை விரலால் தடவிக்கொண்டே வந்தபோதுதான் அந்த இடம் தட்டுப்பட்டது. நகக்கண் அளவு வெட்டு, உள்ளே செம்பு மினுங்கியது. கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்த வெட்டைப் பார்த்த நாளிலிருந்து நான் சொல்லி வருவதுதான்.

முதல் வேலை: வயரே இல்லாமல் ஓட்டப் பாருங்கள்

வேலையிடத்துக்கென்றே செய்த ரேடியோக்கள் இப்போது கிடைக்கின்றன. மகிட்டா, பாஷ், டிவால்ட் போன்ற கம்பெனிகள் தங்கள் ட்ரில் மெஷினில் மாட்டும் அதே பேட்டரியில் ஓடும் ரேடியோவையும் செய்கின்றன. பேட்டரி ட்ரில் ஏற்கெனவே இருந்தால் இதுதான் நல்ல வழி. 18 வோல்ட், 5 ஆம்பியர் ஹவர் பேட்டரி ஒன்றில் 90 வாட் ஹவர் இருக்கும். நடுத்தரமான சத்தத்தில் ரேடியோ 5, 6 வாட் இழுத்தால் காலை ஒன்பது மணியிலிருந்து சாயங்காலம் வரை தாராளமாகத் தாங்கும். அந்த 18 வோல்ட்டில் ஈரக்கை பட்டாலும் 230 வோல்ட் மாதிரி ஆளைப் பிடித்து இழுக்காது. தளத்தில் தண்ணீர் நிற்கிற நாளில் இந்த ஒரு வித்தியாசமே போதும்.

ஒரு கம்பெனி பேட்டரியை இன்னொரு கம்பெனி ரேடியோவில் மாட்ட முயல வேண்டாம். 18 வோல்ட் என்று ஒருவர் எழுதுவதும் 20 வோல்ட் என்று இன்னொருவர் எழுதுவதும் உள்ளே அநேகமாக ஒன்றுதான். முழு சார்ஜில் உள்ள கணக்கைச் சிலர் பெட்டியில் போடுகிறார்கள். ஆனால் மாட்டும் தடமும், சூட்டைப் பார்த்துக்கொள்ளும் சர்க்யூட்டும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. மலிவாகக் கிடைக்கும் டூப்ளிகேட் பேட்டரியில் அந்தச் சர்க்யூட்டே இல்லாமல் இருக்கலாம்.

நம் ஊர் சித்திரை, வைகாசி வெயிலில் தகரக் கொட்டகைக்குள் பேட்டரியை விட்டுப் போகாதீர்கள். லித்தியம் பேட்டரி சூடாக இருக்கும்போது சார்ஜ் போடக்கூடாது. பெரும்பாலான கம்பெனிகள் 40, 45 டிகிரிக்கு மேல் வேண்டாம் என்கின்றன. கையில் எடுத்தால் சுடுகிறதா? அரை மணி நேரம் நிழலில் வைத்துவிட்டுச் சார்ஜ் போடுங்கள். உப்பின பேட்டரி, கீழே விழுந்து ஓடு பிளந்த பேட்டரி இரண்டையும் ஓரம் கட்டிவிடுங்கள். சார்ஜரும் 230 வோல்ட் சாமான்தான். அதைத் தரைத்தளத்தில், காய்ந்த அறையில், ஒரே இடத்தில் வையுங்கள்.

கரண்டில் போட்டே ஆக வேண்டும் என்றால்: முதலில் ஸ்டிக்கரைப் படியுங்கள்

மேலப்பாளையம், கடையநல்லூர் பக்கமெல்லாம் வீட்டுக்கு ஒருத்தராவது வளைகுடாவில் வேலை பார்த்தவர் இருப்பார். ஊருக்கு வரும்போது அங்கே சைட்டில் பாட்டுக் கேட்ட ரேடியோவையும் கொண்டுவருவார். அதை இங்கே செருகுவதற்கு முன் அடாப்டரின் முதுகில் இருக்கும் சின்ன எழுத்தைப் படியுங்கள். '100-240 வி, 50/60 ஹெர்ட்ஸ்' என்று இருந்தால் இங்கே ஓடும். 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் அது அமெரிக்காவுக்குச் செய்தது, நம் 230 வோல்ட்டில் செருகின நொடியே புகையும். சவூதியில் முன்பு 127 வோல்ட்டும் புழங்கியதால், அங்கிருந்து வந்த பழைய சாமான் என்றால் இரண்டு முறை பாருங்கள்.

அதே ஸ்டிக்கரில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் போட்ட குறி இருக்கிறதா என்றும் தேடுங்கள். இரட்டை இன்சுலேஷன், அதாவது கரண்ட் வெளியே வராதபடி இரண்டு அடுக்குக் காப்பு என்று அதற்கு அர்த்தம். அந்தக் குறி இருந்தால் இரண்டு பின் வயர் சரிதான், எர்த் (மண்ணுக்குப் போகும் வயர்) வேண்டாம். குறியும் இல்லை, எர்த் பின்னும் இல்லை, உடம்பு மட்டும் இரும்பு என்றால் அதை வேலையிடத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

துபாய்ச் சாமானில் பிளக் பட்டையாக, மூன்று செவ்வக பின்னோடு இருக்கும். உள்ளே சின்ன ஃபியூஸ் ஒன்றும் உண்டு. நம் போர்டில் அது இறங்காது. அப்போது செய்கிற காரியம்தான் எனக்குப் பொறுக்காது. பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு, வயர் நுனியைப் பல்லால் சீவி, இரண்டு ஓட்டையிலும் நேராகச் செருகித் தீக்குச்சியைக் குத்தி நிறுத்துவார்கள். தீக்குச்சி கொஞ்ச நேரத்தில் தளரும். பிறகு வயர் பாதி வெளியே தொங்கும், செம்பு தெரியும், யாராவது இடித்தால் உருவிக்கொண்டு தரையில் விழும். அதோடு பிளக்கில் இருந்த ஃபியூஸும் போச்சு. ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட பிளக் ஒன்றை வாங்கி ஒரு எலெக்ட்ரீஷியனிடம் கொடுங்கள், பத்து நிமிஷ வேலை. நம் ஊர் வயரில் சிவப்பு பேஸ் (கரண்ட் வருவது), கறுப்பு நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போவது), பச்சை எர்த். வெளிநாட்டு வயரில் பழுப்பு பேஸ், நீலம் நியூட்ரல், பச்சையும் மஞ்சளும் கலந்தது எர்த். பழுப்பைக் கறுப்பு என்று நினைத்து மாற்றிக் கொடுத்த இடங்களைப் பார்த்திருக்கிறேன்.

மூன்று பின் பிளக்கில் எர்த் பின் ஏன் தடியாகவும் நீளமாகவும் இருக்கிறது தெரியுமா? செருகும்போது அது முதலில் தொடும், உருவும்போது கடைசியில் விடும். அதனால்தான் எர்த் பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின் ஓட்டையில் திணிக்கிற பழக்கத்தை எங்கே பார்த்தாலும் நிறுத்துங்கள்.

கரண்ட் எங்கிருந்து வருகிறது: ஆர்.சி.சி.பி.

ரேடியோ சரி, பிளக் சரி. அடுத்து போர்டுக்குப் போவோம். முறையாக வேலை நடக்கிற இடத்தில் மின்வாரியத்தில் தற்காலிக இணைப்பு வாங்கி, மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பலகை அடித்திருப்பார்கள். லைனில் கொக்கி போட்டு எடுப்பது 2003ஆம் வருஷ மின்சாரச் சட்டப்படி திருட்டு. அதைவிட எனக்குப் பெரிய விஷயம், கொக்கி போட்ட வயரில் பாதுகாப்பு என்று ஒன்றுமே கிடையாது என்பதுதான்.

பலகையில் எம்.சி.பி. இருக்கும், கரண்ட் அளவுக்கு மேல் ஓடினால் தானாக விழும் சுவிட்ச் அது. "எம்.சி.பி. இருக்குல்லா, பிறகென்ன" என்பார்கள். எம்.சி.பி. காப்பாற்றுவது வயரை. 16 ஆம்பியர் எம்.சி.பி. விழ 16 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். ஆள் சாக அதில் நூறில் ஒரு பங்குகூட வேண்டாம். நனைந்த தோலில் உடம்பின் தடை ஆயிரம் ஓம் வரைக்கும் இறங்கிவிடும். 230-ஐ ஆயிரத்தால் வகுத்தால் 230 மில்லி ஆம்பியர். பத்து, இருபது மில்லி ஆம்பியரிலேயே பிடித்த கையை விட முடியாமல் போகும். எம்.சி.பி.க்கு இது கண்ணிலேயே படாது.

ஆளைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி. என்ற இன்னொரு சுவிட்ச். பேஸில் போன கரண்ட் அப்படியே நியூட்ரலில் திரும்புகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். குறைந்தால், எங்கோ ஒரு வழியாக, ஒருவேளை ஒரு ஆள் வழியாக, மண்ணுக்குப் போகிறது என்று அர்த்தம். உடனே வெட்டிவிடும். 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருப்பதையே கேட்டு வாங்குங்கள். 100, 300 எல்லாம் தீ விபத்துக்கு, ஆளுக்கு இல்லை. ஐ.எஸ். 12640 என்று இந்தியத் தர எண் போட்டிருக்கும். பேட்டை வேலையில் இது ஒன்று இருந்திருந்தால் அந்த அக்காவுக்கு ஒரு சுருக்கோடு போயிருக்கும்.

அதன் முகத்தில் 'டி' என்று ஒரு சின்ன பட்டன் இருக்கும். தினமும் காலையில் வேலை ஆரம்பிக்கும் முன் அதை அழுத்துங்கள். டக்கென்று விழ வேண்டும். விழவில்லை என்றால் அன்றைக்கு எதையும் செருகாதீர்கள். ஒரு விஷயத்தையும் மனசில் வையுங்கள்: காய்ந்த பலகை மேல் நின்றுகொண்டு ஒரு கையால் பேஸையும் மறு கையால் நியூட்ரலையும் பிடித்தால் இதுவும் விழாது. போன கரண்ட் அப்படியே திரும்பி வருவதாகத்தான் அதற்குத் தோன்றும்.

ஜெனரேட்டரில் ஓட்டும் நாள் வேறு கணக்கு. மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்கக் கரண்ட் இல்லாதபோது சின்ன ஜெனரேட்டர் வாடகைக்கு வரும். பல சின்ன ஜெனரேட்டரில் நியூட்ரல் எர்த்தோடு இணைந்திருக்காது, அதில் ஆர்.சி.சி.பி. வேலை செய்யும் என்று நம்ப முடியாது. அன்றைக்கு ரேடியோ பேட்டரியில்தான் ஓட வேண்டும்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் வயரும்

ரேடியோவுக்கு மெல்லிய வயர் போதும். ஆனால் ரேடியோவுக்கென்று இழுத்த பாக்ஸில் ரேடியோ மட்டும் இருந்ததாக நான் பார்த்ததே இல்லை. பதினொரு மணிக்கு மார்பிள் கட்டரும் அதிலேயே வந்து உட்காரும். ஆறு ஆம்பியர் சாக்கெட் தாங்குவது 1,380 வாட். கட்டர் ஒன்றே 1,200 வாட்டுக்கு மேல் இழுக்கும், கூட ஒரு ட்ரில் சேர்ந்தால் பிளக் இளகிவிடும். அதனால் எடுக்கும்போதே 1.5 சதுர மில்லிமீட்டர், மூன்று கோர், ஐ.எஸ். 694 போட்ட வயராக எடுங்கள். சுருளாகச் சுற்றி வைத்தபடியே ஓட்டாதீர்கள்; உள்சுற்று சூடாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். முழுக்க அவிழ்த்துவிடுங்கள்.

வயரைத் தரையில் போடாமல் தலைக்கு மேலே கொண்டுபோங்கள். சாரத்தின் மரக்கம்பில் நைலான் கயிற்றால் தளர்வாகக் கட்டலாம். கட்டுக்கம்பி மட்டும் வேண்டாம். பில்லர் கம்பி நுனி, தகரத்தின் விளிம்பு, ஜன்னல் கதவின் இடுக்கு ஆகிய மூன்றிலும்தான் வயர் அதிகம் அறுபடுகிறது. நடுவில் ஜாயின்ட் போட்டு டேப் சுற்றிய வயர் என்றால், அந்த ஜாயின்ட் தண்ணீரில் கிடக்கவே கூடாது. டேப் வெயிலில் ஒரு மாதத்தில் பசை விட்டுவிடும்.

காலையில் செருகுவதற்கு முன்னால், கரண்ட் இல்லாதபோது, வயரை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை கைக்குள் விட்டு உருவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத வெட்டு விரலுக்குத் தெரியும்.

எங்கே வைப்பது, ஏரியலை என்ன செய்வது

தண்ணீர் நிற்கிற தளத்தில் வயர் போட்ட ரேடியோவை வைக்காதீர்கள். படிக்கட்டுக்குப் பக்கம் காய்ந்த இடத்தில், இடுப்பு உயரத்தில், மரப் பலகை மேல் வையுங்கள். தளத்துக்கு மேலே பாட்டு கேட்க வேண்டும் என்றால் பேட்டரியில் போட்டு எடுத்துப் போங்கள். ஐபி64 என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பி மழையில் விடுகிறவர்கள் உண்டு. 6 என்பது தூசு புகாது என்பதற்கு, 4 என்பது தண்ணீர் தெறித்தால் தாங்கும் என்பதற்கு. அதுவும் ரப்பர் மூடிகள் எல்லாம் மூடியிருக்கும்போது. அடாப்டர் வயரைச் செருக ஒரு மூடியைத் திறந்தாலே அந்தக் கணக்கு போச்சு.

எஃப்.எம். சரியாக எடுக்கவில்லை என்று ஏரியலில் கட்டுக்கம்பியைச் சுற்றி மொட்டைமாடிக்கு இழுக்கிறார்களே, அதைப் பார்த்தால் உடனே அவிழ்க்கச் சொல்லுங்கள். எஃப்.எம்.முக்கு 75 சென்டிமீட்டர் ஏரியல் போதும், அலையின் நீளத்தில் கால் பங்கு அது. அதற்கு மேல் எத்தனை முழம் கம்பி கட்டினாலும் பாட்டு தெளியாது, ஆபத்துதான் நீளும். தெருவில் போகும் லைன் காற்றில் ஆடி அந்தக் கம்பியைத் தொடலாம். வீட்டுக்கும் சாதாரண லைனுக்கும் பக்கவாட்டில் 1.2 மீட்டராவது இடைவெளி வேண்டும் என்று விதி இருக்கிறது. நம் தெருக்களில் பல இடத்தில் கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில்தான் லைன் போகிறது. எடுக்கவில்லை என்றால் ரேடியோவை ஜன்னல் பக்கம் நகர்த்துங்கள், சுற்றிலும் கம்பி கட்டின அறைக்குள் அலை வருவது கஷ்டம். திருநெல்வேலி வானொலியை மீடியம் வேவில் கேட்கிறவர்களுக்கு ஏரியலே தேவையில்லை. உள்ளே இருக்கும் ஃபெரைட் குச்சிதான் அதை எடுக்கிறது. ரேடியோவையே மெதுவாகத் திருப்பிப் பாருங்கள், ஒரு கோணத்தில் பளிச்சென்று கேட்கும். கட்டிங் மெஷின் ஓடும்போது கரகரப்பது மெஷினின் கார்பன் பொறியால். அதற்கு ரேடியோவைத் தள்ளி வைப்பதுதான் மருந்து.

மழை, இடி, சாரல்

ஐப்பசி, கார்த்திகையில் மதியத்துக்கு மேல் மேகம் கறுத்தால் இடிச்சத்தம் கேட்ட உடனே பிளக்கை உருவிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, மின்னல் அந்தச் சின்ன இடைவெளியைத் தாண்டும். தென்காசி, குற்றாலம் பக்கம் ஆனி, ஆடிச் சாரலில் மழை பெய்கிற மாதிரியே தெரியாது, ஆனால் பாக்ஸுக்குள் ஈரம் கோர்த்துக்கொள்ளும். அந்த மாதங்களில் பாக்ஸைத் தொடும் முன் உள்ளங்கையைத் துடைத்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு தாமிரபரணிக் கரையோரம் தண்ணீர் ஏறின வீடுகளில் வேலை பார்த்தேன். சுவர் வெளியே காய்ந்திருந்தாலும் சாக்கெட்டுக்குள் சேறு இருந்தது. அப்படி மூழ்கி எழுந்த வீட்டில் பழுதுவேலைக்குப் போகிறவர்கள், ஒரு எலெக்ட்ரீஷியன் பார்த்து முடிக்கும் வரை பழைய சுவர் சாக்கெட்டில் ரேடியோவைச் செருகக்கூடாது.

லைட் திடீரென்று பளீரென எரிந்தாலோ, ஃபேன் பேய்ச் சுற்று சுற்றினாலோ, நியூட்ரல் விட்டிருக்கலாம். மூன்று பேஸ் வருகிற இடத்தில் நியூட்ரல் விட்டால் வோல்டேஜ் 400 பக்கம் ஏறும். மெயினை அணைத்துவிட்டு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987, போன் போடுங்கள்.

சத்தம்

மேலே கம்பி தூக்குகிறவர் "விலகு" என்று கத்துவது கீழே கேட்க வேண்டும். அதுதான் அளவு. கம்பி ஏற்றும்போதும், கான்கிரீட் போடும்போதும், லைன் பக்கம் வேலை நடக்கும்போதும் ரேடியோவை நிறுத்திவிடுங்கள்.

ஷாக் அடித்துவிட்டால்

ஆளைத் தொடாதீர்கள். மெயினை அணையுங்கள், அல்லது பிளக்கை உருவுங்கள். இரண்டும் முடியாவிட்டால் காய்ந்த பலகை மேல் நின்று, காய்ந்த மரக்கம்பாலோ பிவிசி பைப்பாலோ வயரைத் தள்ளுங்கள். இதெல்லாம் வீட்டுக் கரண்டுக்குத்தான். உயர் அழுத்த லைன் என்றால் மரக்கம்பும் காப்பாற்றாது. தள்ளி நின்று மின்வாரியத்துக்குச் சொல்லி லைனை நிறுத்த வேண்டும்.

108-க்கு ஒருத்தர் போன் போடட்டும். மூச்சு இல்லை என்றால் இன்னொருத்தர் அவரை மல்லாக்கக் கிடத்தி, நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஐந்து சென்டிமீட்டர் ஆழம் போகும்படி, நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், ஆம்புலன்ஸ் வரும் வரை. தண்ணீர் ஊற்றுவது, மண்ணில் புதைப்பது எதுவும் வேண்டாம். எழுந்து உட்கார்ந்து "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொன்னாலும் ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரிக்கோ பக்கத்து ஆஸ்பத்திரிக்கோ கூட்டிப்போய் ஈ.சி.ஜி. எடுங்கள். இதயத் துடிப்பு தப்புவது பிறகும் நடக்கலாம். பேட்டை அக்காவை அன்றைக்கே அழைத்துப் போனோம். கூலி போய்விடுமே என்று அவர் தயங்கினார். கூலி கொடுக்கச் சொல்லி நான் சண்டை போட வேண்டியிருந்தது.

சாயங்காலம்

கை கால் கழுவுவதற்கு முன்னால் இதை முடித்துவிடுங்கள், கழுவினபின் கை ஈரமாகிவிடும். முதலில் போர்டில் சுவிட்சை அணைத்து, வயரைப் பிடித்து இழுக்காமல் பிளக்கைப் பிடித்து உருவுங்கள். ரேடியோவைக் காய்ந்த துணியால் துடையுங்கள்; சிமென்ட் தூசு சத்தம் கூட்டும் திருகில் கோர்த்தால் இறுகிவிடும். பேட்டரியைக் கழற்றித் தனியாக வையுங்கள். வயரை முழங்கையில் இறுக்கிச் சுற்றாமல் பெரிய வளையமாகச் சுற்றி, நைலான் கயிற்றால் கட்டி ஆணியில் மாட்டுங்கள். அடுத்த நாள் காலையில் வருகிறவர் அதை அவிழ்த்து, விரலால் உருவிப் பார்த்துவிட்டுச் செருகட்டும்.